வழக்கறிஞரின் கூலியும் கடனே!

(தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்தைத் தாண்டினால், மதுரவாயலை நோக்கிப் புறவழிச்சாலை பிரியுமிடத்தில் அமைந்துள்ளது நமது இரும்புலியூர். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இப்பகுதியில் இன்று ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை உண்டு. நிலத்திற்கு விலை ஏறும்போது வழக்குகளும் கூடவே ஏறுகின்றன. பட்டாத் தகராறு, பாகப்பிரிவினை, வாடகைப் பிணக்கு, நெடுஞ்சாலை விபத்து இழப்பீடு எனத் தாம்பரம் நீதிமன்றத்திலிருந்து செங்கல்பட்டு நீதிமன்றம் வரை நம் குடும்பங்கள் படியேறாத நாளில்லை. வழக்குத் தொடரும் நாளில் வழக்கறிஞரின் அலுவலகத்திற்கு நாள்தோறும் ஓடுகிறோம். தீர்ப்பு வந்த பிறகோ, அவர் எதிரே வந்தால் தெருவையே மாற்றிக்கொள்கிறோம். காரணம், பேசிய கட்டணத்தின் மீதி இன்னும் கொடுக்கப்படவில்லை.

தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் மிம்பரில் பேசுகிறோம். ஒருவரிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலி தராமலிருப்பதும் மிம்பரில் பேசப்பட வேண்டிய செய்தியே. ஏனெனில் மறுமையில் இதற்கும் கேள்வி உண்டு.

கூலியைப் பற்றி மார்க்கம்

மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரை விட்டு வெளியேறி, மத்யன் நகரின் நீர்நிலையருகே களைத்துப்போய் நிற்கிறார்கள். கூட்டத்திற்கு ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு, கூலி எதுவும் கேளாமல் நிழலில் போய் அமர்ந்துவிடுகிறார்கள். சற்று நேரத்தில் அப்பெண்களுள் ஒருவர் நாணத்துடன் நடந்து வந்து, நீர் புகட்டியதற்குரிய கூலியைத் தருவதற்காகத் தம் தந்தை அழைப்பதாகச் சொல்கிறார். அல்குர்ஆன் 28:25 கூறும் இந்நிகழ்ச்சியைக் கவனியுங்கள். கேளாதவருக்கே கூலி தேடி வருகிறது. நாமோ, கேட்டுக் கேட்டுச் சலித்தவருக்கும் கொடுப்பதில்லை.

அதே ஸூராவின் அடுத்த வசனங்களில் ஓர் ஒப்பந்தமும் பேசப்படுகிறது. எட்டு ஆண்டுகள் வேலை. பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். அப்பெரியவர், தாம் சிரமம் கொடுக்க விரும்பவில்லை என்கிறார். மூஸா (அலை) அவர்கள், பேசிய பேச்சுக்கு அல்லாஹ்வே சாட்சி என்கிறார்கள். வேலை என்ன, காலம் என்ன என்பது முன்கூட்டியே தெளிவாகிவிட்டது. ஒரு தரப்பில் கனிவு. மறு தரப்பில் இறையச்சம். கட்டணம் பேசுவோருக்கு இதைவிட அழகிய முன்மாதிரி வேண்டுமா?

உழைப்பவரின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை இப்னு மாஜா பதிவு செய்துள்ளார். மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நின்று வழக்காடும் மூவரைப் பற்றிப் புகாரீயில் ஓர் எச்சரிக்கை உண்டு. அம்மூவருள் ஒருவன், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவன். சகோதரர்களே! இவ்வுலக வழக்கிற்கு வழக்கறிஞரை அமர்த்தினோம். அல்லாஹ்வே நமக்கு எதிராக நிற்கும் வழக்கில் யாரை அமர்த்தப் போகிறோம்?

வக்கீல் என்னும் சொல்

வக்கீல் என்பதும் வக்காலத்து என்பதும் அரபு மொழியிலிருந்து நம் தமிழுக்கு வந்த சொற்கள். ஃபிக்ஹ் நூல்களில் ‘வகாலத்’ என்று தனிப் பாடமே உண்டு. ஒருவர் தம் காரியத்தை மற்றொருவரிடம் ஒப்படைப்பதே அது. வழக்காடுவதற்காக ஒருவரை நியமிப்பதும் அதில் அடங்கும். அலீ (ரலி) அவர்கள் தமக்குரிய வழக்குகளில் தம் சகோதரர் அகீல் (ரலி) அவர்களையும், அவர் முதுமையடைந்த பின் அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரலி) அவர்களையும் தம் சார்பில் நியமித்ததாக அறிவிப்பு உண்டு. கூலி பேசி வகாலத்தை ஒப்படைத்தால் அக்கூலியைக் கொடுப்பது கடமையாகும்.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. துரோகம் செய்வோருக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று 4:105 எச்சரிக்கிறது. தம் வாதத் திறமையால் சகோதரனின் உரிமையைத் தமக்கெனத் தீர்ப்பாகப் பெற்றுக்கொண்டவர் நெருப்பின் ஒரு துண்டையே பெற்றுச் செல்கிறார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே நான் சொல்லவருவது நேர்மையான வழக்கில், நேர்மையான உழைப்பிற்குரிய கட்டணத்தைப் பற்றியே.

நாம் சொல்லும் சாக்குப்போக்குகள்

‘வழக்கில் தோற்றுவிட்டோமே, பிறகு எதற்குக் கட்டணம்?’ என்பர் சிலர். வழக்கறிஞர் விற்றது வெற்றியை அன்று. தம் உழைப்பை, படிப்பை, நேரத்தை. நோயாளி இறந்துவிட்டால் மருத்துவரின் கட்டணம் இல்லாமற் போவதில்லை. அவர் அலட்சியமாக இருந்து வழக்கைக் கெடுத்திருந்தால் அது வேறு செய்தி. அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே கூறுகிறது.

‘நம் பக்கம் நியாயம் இருந்தது, அல்லாஹ் வெற்றி தந்தான், இதில் வக்கீல் என்ன செய்தார்?’ என்பர் வேறு சிலர். வெற்றி அல்லாஹ்விடமிருந்தே. ஆனால் அந்த அல்லாஹ்வே ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு 5:1இல் ஆணையிடுகிறான். அவன் தந்த வெற்றியைக் காட்டி அவனது ஆணையை மீறுவது என்ன நியாயம்?

‘அவர் நம்மவர்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது மூன்றாவது. வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து. நம்மவர் என்பதனால் அநீதி நீதியாகிவிடாது.

நான்காவது சாக்கு நம் ஜமாஅத்துகளில் கேட்பது. பள்ளிவாசல் இடத்திற்காக, வக்ஃப் சொத்திற்காக ஒரு நிர்வாகம் வழக்கறிஞரை அமர்த்துகிறது. வழக்கு பல ஆண்டுகள் நடக்கிறது. இடையில் நிர்வாகம் மாறுகிறது. ‘அது பழைய நிர்வாகம் பேசியது, எங்களுக்குத் தெரியாது’ என்று புதியவர்கள் கைவிரித்துவிடுகிறார்கள். சகோதரர்களே! முதவல்லி மாறலாம், செயலாளர் மாறலாம், ஜமாஅத் மாறுவதில்லை. மீட்கப்பட்ட இடத்தை ஜமாஅத் அனுபவிக்கிறது என்றால், அதற்குரிய கூலியும் ஜமாஅத்தின் பொறுப்பே. பிறருடைய உரிமையை நிறுத்திவைத்துக்கொண்டு அல்லாஹ்வின் இல்லத்திற்கு வண்ணம் பூசுவதில் என்ன பரக்கத் இருக்கும்?

வழக்கறிஞருக்குச் சட்டம் தரும் வழி

பழைய ஆங்கிலேய மரபில் பாரிஸ்டருக்குத் தரப்படுவது அன்பளிப்பாகவே கருதப்பட்டது. அதனைக் கேட்டு அவர் வழக்குத் தொடர முடியாது. நம் நாட்டில் 1926ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் (கட்டணம்) சட்டம் அந்நிலையை மாற்றியது. வழக்கறிஞரும் கட்சிக்காரரும் தமக்குள் கட்டணத்தைப் பேசி முடிவு செய்யலாம். அது கொடுக்கப்படாவிட்டால் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். எதுவும் பேசப்படாமல் இருந்தால், நீதிமன்றச் செலவுத் தொகையைக் கணக்கிடும் விதிப்படி உரிய கட்டணத்தைக் கேட்கலாம். இத்தகைய வழக்கிற்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளே காலவரம்பு. ஆனால் கவனியுங்கள்: காலவரம்பு கடந்தால் நீதிமன்றத்தின் கதவுதான் மூடுகிறது, மறுமையின் கணக்கு மூடுவதில்லை.

நடைமுறையில், முதலில் கணக்கு விவரத்துடன் ஒரு கடிதம் வரும். பிறகு பதிவுத் தபாலில் அறிவிப்பு வரும். அதற்கும் பதில் இல்லையேல் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. கட்டணத்திற்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு இருக்கிறது. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்கு 15 நாட்கள் அவகாசம். அதற்குள் பணம் தராவிட்டால் ஒரு மாதத்திற்குள் குற்றவியல் நடுவரிடம் முறையிடலாம்.

வேறொரு வழியும் உண்டு. வழக்கு முடிந்தபின், செலவுக்கென்று கட்சிக்காரர் கொடுத்ததில் மிஞ்சிய தொகையையும், அவ்வழக்கில் தம் கைக்கு வந்த பணத்தையும், ஏற்கனவே பேசி முடித்த கட்டணத்திற்காக வழக்கறிஞர் ஈடுசெய்து கொள்ள இந்திய பார் கவுன்சில் விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் கட்சிக்காரரின் பணத்திற்கு ஒழுங்கான கணக்கு வைத்திருக்க வேண்டும். எஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும்.

எவ்வழியில் வசூலிக்கக் கூடாது?

உரிமை உண்டு என்பதற்காக எந்த வழியும் ஆகும் என்பதில்லை. இதற்கு உச்ச நீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கி, 1990இல் தான் சட்ட ஆலோசகராக அமர்த்திய வழக்கறிஞரை 1993இல் விலக்கிவிட்டுக் கோப்புகளைத் திருப்பிக் கேட்டது. அவரோ தமக்கு 97,100 ரூபாய் பாக்கி இருப்பதாகவும், அதைத் தந்தால்தான் கோப்புகளைத் தருவதாகவும் கூறிவிட்டார். ஆர்.டி. சக்சேனா வழக்கு எனப்படும் இதில், 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை; அவை விற்றுப் பணமாக்கக்கூடிய சரக்குகள் அல்ல; கட்டணத்திற்கு வழக்குத் தொடரும் வழி தனியே இருக்கிறது என்பதே அதன் சாரம். பார் கவுன்சில் விதித்த 18 மாதத் தடையைக் கண்டனமாகக் குறைத்தாலும், அவர் செய்தது தொழில் ஒழுக்கக்கேடு என்பதை நீதிமன்றம் உறுதி செய்தது.

வியப்பிற்குரிய ஒன்றைச் சொல்கிறேன். நம் ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களிலும் இதனை ஒட்டிய ஒரு சட்டம் உண்டு. துணிக்குச் சாயம் ஏற்றுபவர் தம் கூலி கிடைக்கும்வரை துணியைத் தம்மிடம் நிறுத்தி வைக்கலாம். ஏனெனில் அவரது உழைப்பு அத்துணியிலேயே பதிந்திருக்கிறது. சுமை தூக்குபவர் சுமையைப் பிடித்து வைக்க முடியாது. அவரது உழைப்பு பொருளில் தங்கவில்லை. எல்லாப் பொருளையும் எல்லாரும் பிணையாக்கிக்கொள்ள முடியாது என்பதை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள்! உங்கள் பத்திரமும் மூல ஆவணங்களும் வழக்கறிஞரிடம் அமானிதமே. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு 4:58 ஆணையிடுகிறது.

இரண்டாவது, தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு கைம்பெண்ணின் வழக்கு. 1998இல் சாலை விபத்தில் கணவரை இழந்தவர் அவர். இழப்பீட்டுத் தொகையில் விழுக்காடு கணக்கிட்டுக் கட்டணம் கேட்ட வழக்கறிஞர், அவரிடம் பெற்ற காசோலை திரும்பியதும் குற்ற வழக்குத் தொடர்ந்தார். 2017 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. வழக்கின் பலனில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவது தொழில் ஒழுக்கத்திற்கும் பொதுநலக் கொள்கைக்கும் முரணானது என்று கூறிற்று. ஜி.எஸ்.டி. சாலையில் விபத்து நேர்ந்தவுடன் மருத்துவமனை வாசலிலேயே ‘முன்பணம் வேண்டாம், வருவதில் இத்தனை பங்கு’ என்று யாரேனும் பேரம் பேசினால், இத்தீர்ப்பை நினைவில் கொள்ளுங்கள். வெற்றுக் காசோலையில் கையொப்பமிட்டுக் கொடாதீர்கள்.

மூன்றாவது டெல்லியில் நிகழ்ந்தது. 20,000 ரூபாய்க் காசோலை திரும்பியதற்காக ஒருவர் வழக்கறிஞரை அமர்த்தினார். எதிர்த்தரப்பு அத்தொகையையும் செலவுக்காக 5,000 ரூபாயையும் தர ஒப்புக்கொண்டது. வழக்கறிஞரின் கைக்கு வந்தவை தம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை என்பது கட்சிக்காரரின் குறை. தமக்கு 5,000 ரூபாய் கட்டணம் வரவேண்டும் என்று வழக்கறிஞரோ வழக்குத் தொடர்ந்தார். கட்சிக்காரர் நுகர்வோர் மன்றம் சென்றார். ஐயாயிரம் ரூபாயில் வளர்ந்த அப்பிணக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2024 மே 14 அன்று, வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று தீர்ப்பாயிற்று. ஆகவே வழக்கறிஞர் மீது குறை இருந்தால் நுகர்வோர் மன்றம் செல்ல முடியாது. ஒழுக்கக்கேடு எனில் மாநில பார் கவுன்சிலில் முறையிடலாம். நட்டம் எனில் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம்.

நடு வழக்கில் வழக்கறிஞரை மாற்ற விரும்புவோர், முந்தையவரின் பாக்கியைத் தீர்த்து அவருடைய ஆட்சேபமில்லாக் கையொப்பத்தைப் பெறுவதே மரபு. நியாயமான காரணமின்றி அவர் மறுத்தால் நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். ஆனால் பாக்கியை ஏப்பம் விடுவதற்காகவே வக்கீலை மாற்றுவோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் அல்லாஹ்வுக்கு அஞ்சிக்கொள்ளட்டும்!

வாரிசுகளுக்கு ஒரு வார்த்தை

தந்தை ஒரு நிலத்திற்காக இருபது ஆண்டுகள் வழக்காடுகிறார். தீர்ப்பு வருவதற்குள் மவுத்தாகிவிடுகிறார். பிள்ளைகள் நிலத்தைப் பெற்று, விற்று, பங்கிட்டுக்கொள்கிறார்கள். வழக்கறிஞர் வந்து கேட்டால், ‘அத்தாவிடம் பேசியதை அத்தாவிடமே கேளுங்கள்’ என்கிறார்கள். எவ்வளவு கொடிய சொல்!

வஸிய்யத்தும் கடனும் நிறைவேற்றப்பட்ட பின்னரே பாகப்பிரிவினை என்று 4:11, 4:12 ஆகிய வசனங்கள் கூறுகின்றன. வழக்கறிஞரின் பாக்கியும் அக்கடனில் அடங்கும். மூன்று தீனார் கடனுடன் இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்தார்கள். தந்தைக்காகக் கத்தம் ஓதுவதற்கும் சாப்பாடு கொடுப்பதற்கும் முன்னர், அவர் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்று விசாரியுங்கள். தாய்மார்களே! உங்கள் கணவரின் பாக்கிகளை நீங்களும் அறிந்து வைத்திருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, எழுதிக்கொள்ளுங்கள். தவணை குறிப்பிட்ட கடனை எழுதி வைக்குமாறு கூறும் 2:282தான் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். நீதிமன்றக் கட்டணம் எவ்வளவு, இதரச் செலவு எவ்வளவு, வழக்கறிஞரின் கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணை, மேல்முறையீடு இதில் சேருமா என்பதைத் தனித்தனியே எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள். எழுதாமல் விடுவதே பின்னர் மரியாதையைக் கெடுக்கிறது.

இரண்டாவதாக, இயலாதவர்கள் மறைந்து திரியாமல் நேரில் சென்று சொல்லுங்கள். தவணை கேளுங்கள். வழக்கறிஞர்களாக இருக்கும் சகோதரர்களே! சிரமத்திலிருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறும், விட்டுக்கொடுப்பது அதனினும் மேல் என்றும் 2:280 கூறுவதை மறவாதீர்கள். அதே சமயம், வசதியுள்ளவரிடம் நீங்கள் உறுதியாகக் கேட்பதில் குற்றமில்லை. தமக்குரிய ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் கடுமையாகக் கேட்டார். தோழர்கள் கோபமுற்றபோது, உரிமையுடையவருக்குப் பேச உரிமை உண்டு என்று தடுத்த நபியவர்கள், அவருக்குரியதைவிடச் சிறந்த ஒட்டகத்தைக் கொடுக்கச் செய்தார்கள்.

மூன்றாவதாக, உண்மையிலேயே வறியவர்கள் கடன்பட்டு வழக்காட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் முதலியோருக்கும், குறித்த வரம்பிற்குட்பட்ட வருமானமுள்ளோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. இதில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. இதனை அறியாமல் நம் சகோதரிகள் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள்.

நான்காவதாக, கட்டணப் பிணக்கே வந்துவிட்டால் சமரசத்தை நாடுங்கள். ஜமாஅத்தில் நடுநிலையான இருவர் கணக்கைப் பார்த்து முடிக்கலாம். லோக் அதாலத்தும் இருக்கிறது. அங்கே உடன்பட்டு முடிந்த தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. கடனில் மூழ்கியவர்களும் ஸகாத் பெறத் தகுதியுடையோர் என 9:60 கூறுகிறது. தகுதியுள்ளவரின் பாக்கியை அவ்வகையில் தீர்க்க முடியுமா என்று உலமாக்களிடம் கேளுங்கள்.

சகோதரர்களே! குகையில் அடைபட்ட மூவரின் செய்தியை நீங்கள் அறிவீர்கள். அவர்களுள் ஒருவர், கூலியை வாங்காமல் போய்விட்ட பணியாளரின் பங்கைத் தொழிலில் இட்டுப் பெருக்கி, அவர் பல காலம் கழித்து வந்தபோது மந்தை மந்தையாக ஒப்படைத்தார். அந்த அமலை முன்வைத்து அவர் துஆச் செய்தார், பாறை விலகியது. பிறர் கூலியைப் பேணியவருக்குப் பாறை விலகிற்று. பிறர் கூலியை வைத்துக்கொண்டிருக்கும் நம் வாழ்வில் எத்தனைப் பாறைகள் அசையாமல் நிற்கின்றன என்பதை இன்றிரவு எண்ணிப் பாருங்கள். பழைய வழக்குக் கட்டை எடுத்துக் கணக்குப் பாருங்கள். ஆயிரமோ ஐந்தாயிரமோ, பாக்கி இருந்தால் திங்கட்கிழமை நீதிமன்றம் திறக்குமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தாமதத்திற்கு மன்னிப்பும் கேட்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! பிறருடைய உரிமைகளைச் சுமந்தவர்களாக எங்களை மரணிக்கச் செய்துவிடாதே! எங்கள் கடன்களைத் தீர்க்கும் வசதியையும், தீர்க்க வேண்டுமென்ற மனத்தையும் தந்தருள்வாயாக! எங்கள் பெற்றோர் விட்டுச் சென்ற கடன்களை நிறைவேற்றும் பிள்ளைகளாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.